மேல்சரிவின் கசப்பு

இந்த ஒயினை ரொம்பவும் குளிரவைத்துக் குடிக்கக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடமாவது மேஜைமேல் வைத்துவிட்டு ஊற்றினால்தான் அதன் குணம் தெரியும். முதலில் பச்சை ஆப்பிள் வாசம் வரும், கொஞ்சம் பொறுத்தால் மழையில் நனைந்த கல்லின் வாசம். நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரு புளிப்பு நிற்கும். எண்ணூறு மீட்டர் உயரத்துக் குளிர் கொடுத்த புளிப்பு அது, சமவெளியில் தலைகீழாக நின்றாலும் வராது. எல்லாம் விழுங்கி முடித்த பிறகு அடித்தொண்டையில் ஒரு சின்னக் கசப்பு தட்டும். கவனித்துக் குடிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அது இருக்கக் கூடாது. அது என் பிழை. எப்படி வந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பாட்டிலில் லேபிள் இல்லையே என்று பார்த்தீர்கள். இன்று காலை பீப்பாயிலிருந்து நானே இறக்கியது. லஞ்சம் என்று நினைக்க வேண்டாம், வேலை நேரம் முடிந்த பிறகு திறந்துகொள்ளுங்கள்.

போன அக்டோபரில் என் மைத்துனன் தமோனைக் கரடி கொன்றதைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்றதும், அதுதான் முடிந்துபோன கேஸ் ஆயிற்றே என்றீர்கள். முடிந்துதான் போயிற்று. முடித்து வைத்தவரே நீங்கள்தான். ஆனாலும் வந்தவனை விரட்டாமல் தாளும் பேனாவும் பார்லித் தேநீரும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். மூன்று வருடமாக இந்த மலைக்கிராமத்துக்கு நீங்கள் ஒருவர்தான் போலீஸ். ஆடு காணோம் என்றாலும் நீங்கள்தான், ஆள் காணோம் என்றாலும் நீங்கள்தான். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

என் பெயர் ஹியாமா மொரியோ. வயது ஐம்பத்தொன்று. இந்தப் பெயரில் முன்பாதி இரவல். பிறந்தபோது நான் குரோசே மொரியோ. கடற்கரைப் பக்கத்து ஊர், அப்பா வலை பழுது பார்ப்பவர், நான் ஒரே மகன். விவசாயப் பள்ளியில் இக்குயோவைப் பார்த்தேன், பிடித்தது. அவள் தம்பி தமோன், ஆப்பிளோடு சேர்ந்து அழுக நான் ஆளில்லை என்று சொல்லிவிட்டு டோக்கியோவுக்குப் போயிருந்தான். ஹியாமா வீட்டுக்கு ஆண் வாரிசு வேண்டியிருந்தது. அதனால் அவள் அப்பா தொகுசோ, இந்தக் கர்வம் பிடித்த மனிதர், மலையிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்து பாய்மேல் நெற்றி படக் குனிந்தார்.

"உங்க பையனை எனக்குப் பையனாக் குடுங்க. எனக்கப்புறம் அந்த மலையில எல்லாம் அவன் பேர்லதான்."

அப்பா அவரிடமிருந்து திரும்பி என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"பேரையும் கழட்டி வச்சுட்டா போற?"

கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். இருபத்தேழு வயதில் வீட்டோடு மாப்பிள்ளையாக இந்த மலைக்கு ஏறினேன். பதிவேட்டில் தொகுசோவின் மகன் ஆனேன். சட்டப்படி அவர் எனக்கு அப்பா, ஆனால் வாயில் மாமா என்றுதான் வரும், அவரும் திருத்தவில்லை. என் அப்பா செத்த பிறகு குரோசே என்ற பெயரில் உலகத்தில் ஆள் இல்லை. கல்லறையில் அந்தப் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. ஒரு பொருளுக்கு என்ன கொடுத்தோம் என்று தெரிந்தால்தான் அதைப் பறித்தபோது என்ன பறிபோயிற்று என்று தெரியும்.

மேல்சரிவு அப்போது ஆப்பிள் தோட்டம். கிழட்டு மரங்கள், பழம் கைப்பிடி அளவுகூட வராது. நான்தான் வெட்டினேன். மாமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அறுநூற்று நாற்பது ஷார்டனே திராட்சைக் கொடிகள் நட்டேன். கல் பொறுக்கியது நான், கம்பி இழுத்தது நான். ஒவ்வொரு நவம்பரிலும் பனி விழும் முன் ஒவ்வொரு கொடியாக வளைத்து மண்ணில் படுக்கவைத்தது நான். இரண்டு மீட்டர் பனிக்கடியில் அவை தூங்கும்போது எனக்குத்தான் தூக்கம் வராது. ஜூலையில் மழைக்கு முன்னால் ஒவ்வொரு கொத்துக்கும் மெழுகுக் காகிதத்தில் ஒரு குடை போட வேண்டும். கொத்தின் காம்பைச் சுற்றிக் காகிதத்தை மடித்து ஒரு ஸ்டேப்ளர் அடி. பத்தாயிரம் கொத்து என்றால் பத்தாயிரம் குடை. இக்குயோவும் நானும் கழுத்தை அண்ணாந்து அண்ணாந்து, சாயங்காலம் சோற்றுக் கிண்ணத்தைப் பார்க்கக் குனிய முடியாது. முதல் வருட ஒயினை மாமாவுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

"புளிக்குது" என்றார்.

ஒன்பதாவது வருடம் தலைநகரத்துப் போட்டி ஒன்றில் அந்தப் புளிப்புக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள். அதன் பிறகு பாட்டிலின் பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: தயாரித்தவர் ஹியாமா மொரியோ. அரிசிமணி அளவு எழுத்து. எனக்கு அது போதும். நான் ஆசைக்காரன் இல்லை.

பதக்கத்தின் வாசம் டோக்கியோ வரைக்கும் போயிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், விளம்பரக் கம்பெனி வேலை போனதும், தமோன் திரும்பி வந்தான். நாற்பத்து நாலு வயது, நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. மாமா அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடாத குறை. இருபத்திரண்டு வருடம் என் முன்னால் வாய் விட்டுச் சிரிக்காத மனிதர், மகன் சொன்ன டோக்கியோ கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

அக்கா புருஷனை அத்தான் என்று கூப்பிடுவதுதான் முறை. தமோன் கல்யாணத்தன்றே என்னை மாப்ள என்றான். விருந்தாளிக்குச் சொல்வதுபோல, கொஞ்சம் இளக்காரத்தோடு. இத்தனை வருடமும் அதேதான். அவனைவிட ஐந்து வயது பெரியவன் நான்.

அவனைப் பற்றி நியாயமாகவே எழுதுகிறேன். அவன் கெட்டவன் இல்லை. வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்தான், கொடி வெட்டுவது, பெயர்பெற்ற கொல்லன் அடித்தது, பிடியில் ஹியாமா என்று பொறித்திருந்தது. என் கழுத்தில் கட்டிய பெயரை என் கையிலேயே கொடுக்கிறான். நன்றி சொல்லி வாங்கி இழுப்பறையில் வைத்தேன். குடை போடவும் வந்தான். பத்துக் குடையில் நாலு காற்றில் போயிற்று. "கத்துக்குடுங்க மாப்ள, நான் என்ன பொறக்கும்போதே ஸ்டேப்ளரோட பொறந்தேனா" என்று சிரித்தான். நான் அவன் போட்ட வரிசையை மறுபடி போட்டேன். பிறகு அவன் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். விடியற்காலையில் மேல்சரிவு உச்சியில் தட்டைப் பாறைமேல் கேமராவை நிறுத்திவைத்து, பனிமூட்டத்தில் காகிதக் குடைகளைக் காட்டி, நான் இந்த மலையோடு பேசுகிறேன் என்பான். மலை என்ன பதில் சொல்லிற்றோ தெரியாது. ஆர்டர்கள் வந்தன.

பழம் பழுக்கும் காலத்தில் மேலே போகும் எவரும் வாசல்கம்பத்து ஆணியிலிருந்து கரடி மணியை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிவிடும். ஊர்க் கட்டுப்பாடு, நீங்களே கூட்டத்தில் படித்தது. தமோன் கட்டமாட்டான்.

"மணியைக் கட்டிட்டுப் போ தமோன்."

"டிங் டிங்னு அதான் கேக்குது மாப்ள. பாக்கறவங்களுக்குக் காத்துச் சத்தம் கேக்க வேணாமா? கரடி வந்தா அதையும் புடிச்சுப் போட்டுடறேன், ரெண்டு லட்சம் பேர் பாப்பாங்க."

இக்குயோ சிரித்தாள். "வாயில நல்ல வார்த்தை வராதாடா உனக்கு. அவர் சொல்றதைக் கேளு."

மூன்று முறை சொன்னேன். இக்குயோ சாட்சி. ஆகஸ்டுக்குப் பிறகு சொல்லவில்லை.

ஆகஸ்டில் டோக்கியோவிலிருந்து ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஒயின் வாங்கும் அம்மாள் வந்தாள். தமோன் கண்ணாடிக் கிண்ணங்களோடு அவளை மேல்சரிவுக்கு அழைத்து வந்தான். நான் கூடை சுமந்து வரிசைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். சட்டை முழுக்க மண். யார் இவர் என்பதுபோல அவள் பார்த்தாள்.

"இவர் மொரியோ" என்றான் தமோன். "நம்ம தோட்டத்தைப் பாத்துக்கறவர். இவர் இல்லேன்னா இங்க ஒரு இலை அசையாது."

அவன் பாராட்டுகிறதாகத்தான் நினைத்திருப்பான். அந்த அம்மாள் அன்பாகத் தலையசைத்து, காலிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். வேலைக்காரனிடம் கொடுப்பதுபோல. நானும் வாங்கிக்கொண்டேன். கழுவி வைத்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மாமா சோபா நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

"இந்த அறுவடையிலேருந்து தோட்டம் தமோன் பேர்ல. லேபிள்லயும் அவன் கையெழுத்து வரட்டும். முகம் தெரிஞ்சவன் பேர் இருந்தாத்தான் விக்குமாம்."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். அவரே தொடர்ந்தார்.

"நட்டது நீதான், யாரு இல்லேன்னா? ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல, மொரியோ. உனக்கு இங்க சோத்துக்கோ வேலைக்கோ என்ன குறை?"

தமோன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இதைக் கேக்கலை மாப்ள, அப்பாவா சொல்றதுதான்" என்று முணுமுணுத்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுக்கப் போகும்போது இக்குயோ என் கையைப் பிடித்தாள். "விட்டுடுங்க. எல்லாம் உங்க கைவேலைன்னு எனக்குத் தெரியும்ல. அது போதாதா?" போதும் என்றேன். அவளுக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

கோபமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குக் கோபம் வராது. மேஜையைக் குத்தவில்லை, கதவை அறையவில்லை, ஒரு வேளைச் சோற்றைத் தள்ளவில்லை. அப்படியெல்லாம் செய்பவன் என்றால் நீங்கள் முதல் நாளே என்னைப் பிடித்திருப்பீர்கள். எனக்குப் பொறுக்காதது என்னவென்றால், இருபத்து நாலு வருடம் பனிக்கடியில் போட்டுக் காப்பாற்றின ஒன்றை, முறைப்படி தலை வணங்கி என்னைக் கேட்டு வாங்கின மனிதரே, வாயில் நூடுல்ஸோடு திருப்பி எடுத்துக்கொண்டார். குரோசேயை யாரிடம் போய்த் திருப்பி வாங்குவது?

போன வருடம் காட்டில் ஓக் மரங்கள் காய்க்கவில்லை. கரடிகளுக்குப் பஞ்சம். எல்லா ஊரிலும் இறங்கின, அது உங்களுக்கே தெரியும். நான் வரவழைக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் கீழ்ச்சரிவுப் பழத்தைப் பிழிய ஆரம்பித்தோம். பிழிந்த சக்கையை, தோலும் விதையும் காம்புமாக, அன்றன்றே குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கரடியின் மூக்குக்கும் அந்த இனிப்பு எட்டும் என்பதால் வந்த கட்டுப்பாடு. சக்கை நல்ல எரு என்பதும் உண்மைதான். வீணாகக் குழியில் போடுவானேன் என்று ஒரு சாயங்காலம் ஒரு தள்ளுவண்டிச் சக்கையை மேல்சரிவைத் தாண்டி, மின்வேலிக்கு வெளியே, காட்டு விளிம்பில் கொட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். சுத்தமாக நக்கியிருந்தது. ஈர மண்ணில் ஒரு பெரிய தடம், பக்கத்தில் என் உள்ளங்கை அளவு இன்னொரு தடம். குட்டி போட்ட தாய்.

மறுநாளும் கொட்டினேன். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் பத்தடி கீழே.

"சக்கையைப் புதைச்சாச்சா?" என்று இக்குயோ தினமும் கேட்பாள்.

"ஆச்சு."

"சுண்ணாம்பு?"

"போட்டேன்."

மின்வேலியை இருட்டும் முன் போட்டு, விடிந்து எல்லோரும் வேலைக்கு வந்த பிறகு அணைப்பது என் பொறுப்பு. பன்னிரண்டாம் நாள் வேலியை எட்டினோம். அன்றிலிருந்து வேலிக்கு மின்சாரம் போடவில்லை. பதினைந்தாம் நாள் சக்கை வேலிக்கு உள்ளே. கரடி பழத்தைத் தொடவில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். தட்டில் சாப்பாடு இருக்கும்போது எதற்குக் கொடியைப் பிய்க்கும்? நல்ல பிராணி. என் ரப்பர் செருப்பின் வாசம் அதற்குப் பழகியிருக்கும். கடைசி மூன்று நாள் அது இருட்டில் வரவில்லை, விடியும்போது வந்தது. அதற்காக நான் கொட்டும் நேரத்தை மாற்றினேன், சாயங்காலம் கொட்டாமல் விடியும் முன் கொட்டினேன். இருபத்தோராம் நாள், அக்டோபர் பதினேழு, பழம் பறிக்க ஊரார் வந்தார்கள். மேல்சரிவில் பாதியை அன்று பறித்தோம். மீதி பாதி மறுநாளைக்கு. பறித்ததை இரவு முழுக்கக் குளிரில் வெளியே வைத்தேன், ஷார்டனேயைக் குளிர்ந்த உடம்போடு பிழிந்தால்தான் சாறு தெளிவாக வரும். மறுநாள் விடியும் முன் கடைசி வண்டிச் சக்கையை எடுத்துப் போய்த் தட்டைப் பாறையின் பின்பக்கம் கொட்டினேன்.

சுண்ணாம்பு மூட்டைகள் கொட்டகையில் பிரிக்காமல் அடுக்கியிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அதன்மேல் உட்கார்ந்துதான் இக்குயோவின் வாக்குமூலத்தை எழுதினீர்கள். இந்த வருடம் ஏன் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை என்று நீங்களாவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நான் சொன்ன அந்த ஒரு கேள்வி அதுதான். ஊர் முழுக்க ஒரே பேச்சு, மணி கட்டாமல் போனான், பட்டணத்துப் புத்தி என்று. நீங்களும் அதையே எழுதினீர்கள்.

பதினெட்டாம் தேதி விடியற்காலையில் முதல் உறைபனி விழுந்திருந்தது. இக்குயோ வீட்டில் பறிக்க வருகிறவர்களுக்குச் சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா எழவில்லை. நான் கொட்டகையில் பழத்தைச் சாறு பிழியும் மிஷினுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொட்டகைக்கும் தட்டைப் பாறைக்கும் நடுவில் இருநூறு அடிதான். தமோன் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றான். வாயிலிருந்து புகை வந்தது.

"மாப்ள, இன்னைக்காவது மிஷின் போடறதைக் காட்டுங்களேன். என் பேரைப் போட்டுட்டு எனக்கு ஒரு மண்ணும் தெரியலைன்னா அசிங்கமா இருக்கு. வீடியோ நாளைக்கு எடுத்துக்கறேன்."

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். மூக்கு குளிரில் சிவந்திருந்தது.

"பனி அருமையா இறங்கியிருக்கு" என்றேன். "நாளைக்கு இப்படிக் கிடைக்காது, பழமும் இருக்காது. போய்ப் புடிச்சுட்டு வா. வந்ததும் சொல்லித்தரேன்."

"நெஜமாவா?"

"வா, சொல்லித்தரேன்."

அதில் பொய் இல்லை. வந்திருந்தால் சொல்லித் தந்திருப்பேன்.

மணி ஆணியில் தொங்கிற்று. அவன் அதைத் தாண்டிப் போனான். நான் மிஷினைப் போட்டேன்.

ஏழு மணிக்கு ஊரார் மணிகளைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள்தான் பார்த்தார்கள். நானும் அவர்களோடு மேலே ஓடினேன். எப்படி இருந்தான் என்று நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள், நான் திரும்ப எழுதவில்லை. இக்குயோ கையில் சோற்றுப் பருக்கையோடு ஏறி வந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தது நான்.

மறுநாள் வேட்டைக்காரர்கள் அந்தத் தாய்க் கரடியைச் சுட்டார்கள். மலையிலிருந்து இறக்கும்போது ஒரு பக்கக் கழியை நான் தோளில் வாங்கினேன். வயிற்றைக் கிழித்தபோது திராட்சைத் தோலாகக் கொட்டிற்று. பாருங்கள், எப்படித் தின்று கொழுத்திருக்கிறது நம் பழத்தை என்று சொன்னார்கள். கொடியில் ஒரு கொத்துகூடக் குறையவில்லை என்பதை எவனும் எண்ணிப் பார்க்கவில்லை. குட்டி மூன்று நாள் காட்டு விளிம்பில் கத்திக்கொண்டிருந்தது. தமோனுக்கு வராத அழுகை அப்போது எனக்கு வந்தது. அந்தப் பிராணி என்னை நம்பிற்று. அதற்கு என்னோடு எந்த வழக்கும் இல்லை.

இதையெல்லாம் இத்தனை மாதம் மூடிவைத்திருந்தவன் இன்றைக்கு ஏன் வந்தான் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்கள், உங்கள் முகத்தில் தெரிந்தது. அது இல்லை.

நேற்று அச்சகத்திலிருந்து லேபிள் மாதிரி வந்தது. மாமாவின் யோசனை. தூரிகை எழுத்தில் பெரிதாக, தமோன். ஒயினுக்கே அந்தப் பெயர். கீழே, மலையோடு பேசிய மனிதனின் கடைசி அறுவடை. பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் எடுத்துவிட்டார்கள். இக்குயோ அதைத் தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்துக் கைகூப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேர் இல்லையேன்னு நெனைக்கறீங்களா? அவன்தான் போயிட்டானே. அவன்கிட்ட என்ன போட்டி?" என்றாள்.

உயிரோடு இருந்தவரை என் பெயரில் பாதியைத்தான் எடுத்தான். செத்ததும் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டான். இதற்காகவா நான் இருபத்திரண்டு நாள் வண்டி தள்ளினேன்? அவன் அந்த ஒயினில் ஒரு கொத்து பிழியவில்லை. ஒரு பீப்பாய் கழுவவில்லை. அந்தப் பாட்டிலில் இருப்பது நான், அடி முதல் நுனி வரை நான். அதனால் இந்தத் தாளில் எழுதிக்கொடுக்கிறேன். மேல்சரிவு ஷார்டனேயைச் செய்தது நான். தமோனைக் கொன்றதும் நான். இரண்டையும் ஒரே ஆள் பொறுமையாக, கண்ணும் கருத்துமாகச் செய்தான். பேப்பர்காரர்கள் எழுதும்போது என் பெயரைக் குரோசே மொரியோ என்று எழுதச் சொல்லுங்கள். ஹியாமா வேண்டாம்.

இனி அந்தக் கசப்பு. ஷார்டனே பிழியும்போது மிஷினை நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் சாறு தோலோடு ஊறும், காற்று படும், கசப்பு ஏறும். வீடு பற்றி எரிந்தாலும் நிறுத்தாதே என்று இக்குயோவிடமே சொல்லியிருக்கிறேன். அன்று மேலே சத்தம் கேட்டும் நீ ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதை விட்டு நகர முடியாது. தொழில் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மிஷினின் பதிவில் ஆறு பன்னிரண்டிலிருந்து ஆறு இருபத்து மூன்று வரை பதினோரு நிமிடம் அது நின்றிருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துக் கேட்டீர்கள். குழாய் அடைத்துக்கொண்டது என்றேன். சரி என்று எழுதிக்கொண்டீர்கள்.

குழாய் அடைக்கவில்லை. முதலில் ஏதோ கத்தல், நரியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வார்த்தை வந்தது. மிஷின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. அக்காவைக் கூப்பிடவில்லை, அப்பாவைக் கூப்பிடவில்லை. அத்தான் என்று கூப்பிட்டான். இருபத்து நாலு வருடத்தில் முதல் தடவை. சரியாகக் கேட்க வேண்டும் என்று மிஷினை நிறுத்தினேன்.